காற்புள்ளி யார் கையில்? வட்டார அமைப்பும் விரிதாள் பிழைகளும்

ஜெர்மனியில் 1.250 என்று எழுதினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. இந்தியாவில் அதே எழுத்துகள் ஒன்றேகால். இரண்டு வாசிப்பும் அந்தந்த நாட்டில் சரியானவையே. ஆனால் இந்த எண் ஒரு கோப்பில் ஏறி நாடு விட்டு நாடு போகும்போது, எந்த நாட்டு வழக்கப்படி அதை வாசிப்பது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். எக்செல்லில் அந்த முடிவைப் பெரும்பாலும் கணினியின் வட்டார அமைப்பு எடுக்கிறது. ‘ரீஜனல் செட்டிங்ஸ்’ என்று அலுவலகங்களில் சொல்லப்படும் அந்தப் பகுதியைப் பெரும்பாலோர் திறந்து பார்ப்பதேயில்லை.

புனே நகரின் மேற்கு ஓரத்தில் பாணேர், பாலேவாடி, ஹிஞ்சவடி என நீளும் அலுவலகப் பகுதிகளுக்கு இந்தக் கேள்வி நெருக்கமானது. மெர்சிடஸ்-பென்ஸும் ஃபோக்ஸ்வேகனும் 2009இல் புனேயை ஒட்டிய சாகனில் ஆலை திறந்தன. மாக்ஸ் முல்லர் பவன் இயங்கும், ஜெர்மன் மொழியைப் பலர் விரும்பிப் படிக்கும் நகரம் இது. அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலை செய்யும் மென்பொருள் அலுவலகங்களும் ஏராளம். ஆக ஜெர்மன் காற்புள்ளி, அமெரிக்கத் தேதி, இந்திய லட்சம் மூன்றும் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன. யார் சொல்லும் முறை செல்ல வேண்டும்? பயன்படுத்துபவரின் கணினி, கோப்பு, உலகப் பொதுவிதி என்று வெவ்வேறு விடைகள் வெவ்வேறு காலத்தில் தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே இடறுகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கணினிக்கு முந்தைய தகராறு

தசம பின்னத்தை எழுதும் முறை ஐரோப்பாவில் வெகுகாலம் நிலைபெறவில்லை. சைமன் ஸ்டெவின் 1585இல் வெளியிட்ட சிறு நூல் தசம பின்னங்களைப் பரப்பியது. ஆனால் அவர் புள்ளியும் வைக்கவில்லை, காற்புள்ளியும் வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்தின் படிநிலையையும் வட்டத்துக்குள் எண்ணிட்டுக் காட்டினார். தசமப் புள்ளியின் வரலாறு அதற்கும் பழையது. ஜொவான்னி பியாங்கினி என்ற வானியலாளர் 1440களிலேயே அதைக் கையாண்டிருந்தார் என்பதை 2024இல் கணித வரலாற்றாளர் கிளென் வான் பிரம்மெலன் எடுத்துக்காட்டினார்.

புள்ளியும் காற்புள்ளியும் ஏன் நாடு வாரியாகப் பிரிந்தன? பரவலாகச் சொல்லப்படும் காரணம் லைப்னிட்ஸ். பெருக்கலுக்குப் பெருக்கல் குறி வேண்டாம், அது எக்ஸ் என்ற எழுத்தோடு குழம்பும், புள்ளியே போதும் என்று 1698இல் ஜோஹான் பெர்னூலிக்கு அவர் எழுதினார். புள்ளி பெருக்கலுக்குப் போனதால் கண்டத்து ஐரோப்பாவில் பின்னத்துக்குக் காற்புள்ளி மிஞ்சியது, பிரிட்டன் புள்ளியைத் தக்கவைத்தது என்பது இந்த விளக்கம். முழு விளக்கமாக இதை ஏற்பது கடினம். அச்சகங்களின் பழக்கம், பள்ளிப் பாடநூல்கள், பேரரசுகளின் பரவல் ஆகியவற்றுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவும் இலங்கையும் புள்ளியின் பக்கம் நிற்பது அப்படி நேர்ந்ததுதான்.

எடை, அளவைகளுக்கான உலக மாநாடு 1948இல் ஒரு நடுவழி சொன்னது: பெரிய எண்களை மூன்று மூன்று இலக்கமாக இடைவெளி விட்டுப் பிரியுங்கள், அந்த இடைவெளியில் புள்ளியோ காற்புள்ளியோ போடாதீர்கள். 2003இல் அதே மாநாடு, தசமக் குறியாகப் புள்ளியும் சரி, காற்புள்ளியும் சரி என்று தீர்மானித்தது. நாடுகளுக்கு இடையே அமைதி காக்க அது நல்ல தீர்மானம். குறியைப் பார்த்துத்தான் எண்ணை அறிய முடியும் என்ற நிலையில் உள்ள கணினிக்கு அது எந்த விடையும் தரவில்லை.

பயன்படுத்துபவரே அரசர் என்ற நிலைப்பாடு

1980களில் சொந்தக் கணினிகள் பல நாடுகளுக்குப் போனபோது, உள்ளூர் வழக்கைக் கணினி மதிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நியாயமான கோரிக்கை. டாஸ் அமைப்பில் நாட்டுக் குறியீடு எழுதும் வசதி வந்தது. அக்கால விரிதாள் செயலியான லோட்டஸ் 1-2-3 தன் அமைப்புகளுக்குள்ளேயே நிறுத்தக்குறிகளைத் தேர்ந்தெடுக்க விட்டது. 1989இல் தரப்படுத்தப்பட்ட சி நிரல்மொழியில் வட்டார அமைப்புக்கென ஒரு பகுதியே சேர்க்கப்பட்டது. விண்டோஸ் தன் பழைய வின்.இனி கோப்பில் தசமக் குறி, ஆயிரக் குறி, தேதி வரிசை, பட்டியல் பிரிப்பான் ஆகியவற்றைக் குறித்து வைத்தது. பின்னர் ரெஜிஸ்ட்ரிக்கு இடம் மாறிய அந்த வரிகள் இன்றும் கன்ட்ரோல் பேனலின் ‘ரீஜியன்’ பகுதிக்குப் பின்னால் இருந்து வேலை செய்கின்றன.

எக்செல் இந்த வழியில் வந்தது. தசமக் குறி காற்புள்ளி என்றால், ஃபார்முலாவுக்குள் ஒரு மதிப்பையும் அடுத்த மதிப்பையும் பிரிக்க அதே காற்புள்ளியைப் பயன்படுத்த முடியாது. ஆகவே ஜெர்மன், பிரெஞ்சு, நார்வே கணினிகளில் அரைப்புள்ளி அந்த இடத்தைப் பிடிக்கிறது. சென்னையில் தயாரான ஒரு தமிழ்ப் பாடக் காணொளியைப் பார்த்து, ஓஸ்லோவில் இருக்கும் ஈழத்தமிழ் மாணவர் காற்புள்ளியிட்டு ‘இஃப்’ ஃபார்முலாவைத் தட்டினால், எக்செல் ஏற்க மறுத்துவிடும். ஃபார்முலாவில் தவறு என்று பெட்டி தோன்றும். தவறு அவருடையதும் அல்ல, பாடம் சொன்னவருடையதும் அல்ல.

தசமக் குறியைப் பார்த்தே பிரிப்பானை ஊகித்துவிடலாம் என்ற எண்ணமும் நிலைக்காது. ஜெர்மன் பேசும் சுவிட்சர்லாந்தில் விண்டோஸ் தசமத்துக்குப் புள்ளியையும், பட்டியல் பிரிப்பானாக அரைப்புள்ளியையும் வைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அதிகாரபூர்வ தசமக் குறி காற்புள்ளி. அன்றாட ஆங்கிலப் பயன்பாட்டில் புள்ளியும் உண்டு. டர்பனில் இருக்கும் ஒரு தமிழ்க் கணக்காளரின் கணினித் திரை முழுக்க ஆங்கிலமாக இருந்தும், உள்ளே காற்புள்ளி ஆட்சி செய்யலாம். செயலியின் மொழி வேறு, வட்டார அமைப்பு வேறு. உதவி கேட்பவரும் உதவி சொல்பவரும் இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பேசாததால்தான் பாதி ஆலோசனைகள் வீணாகின்றன.

இந்த நிலைப்பாட்டின் அடிப்படைக் குறை ஒன்றே. எண்ணைத் தட்டுபவரும் வாசிப்பவரும் ஒரே ஊரில் இருப்பார்கள் என்று அது நம்பியது.

சேமிப்பில் பொதுமொழி, திரையில் உள்ளூர் மொழி

அடுத்து வந்த விடை நுட்பமானது. திரையில் எப்படி வேண்டுமானாலும் காட்டு, கோப்புக்குள் ஒரே முறையில் எழுது. இன்றைய எக்செல் கோப்பு வடிவம் 2006இல் எக்மா தரமாகவும் 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. அதற்குள் ஃபார்முலாக்கள் ஆங்கிலப் பெயரோடும், காற்புள்ளிப் பிரிப்போடும், தசமப் புள்ளியோடும் இருக்கின்றன. லிப்ரே ஆஃபீஸ் பின்பற்றும் ஓப்பன் டாக்குமென்ட் தரமும் தன் ஃபார்முலா மொழியை அப்படியே ஒருமைப்படுத்தியது. அங்கே பிரிப்பான் அரைப்புள்ளி. ஆகவே ஸ்டுட்கார்ட்டில் ‘வென்’ என்று எழுதிய ஃபார்முலா, அதே கோப்பைப் புனேயில் திறந்தால் ‘இஃப்’ ஆகத் தானே மாறி நிற்கிறது. யாரும் எதையும் திருத்த வேண்டியதில்லை.

இது பெரிய சாதனை என்றே சொல்ல வேண்டும். கோப்பாக அனுப்பினால் ஃபார்முலா பிழைக்கிறது. மின்னஞ்சலிலோ வாட்ஸாப்பிலோ எழுத்தாக அனுப்பினால்தான் உடைகிறது. ஆங்கில எக்செல்லில் ‘வென்’ என்று ஒட்டினால் ‘#நேம்?’ என்ற பிழை வரும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு பொத்தல் மிஞ்சியது: மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. ‘டெக்ஸ்ட்’ ஃபார்முலாவில் தேதி வடிவத்தை எழுத்தாகக் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் ஆண்டுக்கு ஒய் எழுத்து, ஜெர்மனில் ஜே. ஃபார்முலாவின் பெயர் மொழி மாறிவிடும், உள்ளே இருக்கும் எழுத்து மாறாது. விளைவாக ஆண்டு வர வேண்டிய இடத்தில் வெறும் எழுத்து நிற்கும். மேக்ரோக்களிலும் இதே இரட்டைநிலை. தாளைக் கையால் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் வட்டார அமைப்பு செல்லுபடியாகும். மேக்ரோ வழியே சேமித்தால், தனியாகச் சொல்லாதவரை அமெரிக்க வழக்கு செல்லுபடியாகும். ஒரே தாளிலிருந்து இரண்டு விதமான கோப்புகள் பிறக்கின்றன.

கோப்பே தன் ஊரைச் சொல்லட்டும்

கூகுள் ஷீட்ஸ் வேறு பாதையில் போனது. அங்கே வட்டாரம் கணினிக்கு உரியதல்ல, ஒவ்வொரு விரிதாளுக்கும் உரியது. கோப்பின் அமைப்புகளில் ஜெர்மனி என்று இருந்தால், புனேயில் திறந்தாலும் ஜெர்மன் முறைதான். பலர் ஒரே தாளில் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது எல்லோருக்கும் ஒரே எண் தெரிய வேண்டும் என்ற தேவையிலிருந்து இது வந்திருக்கலாம். அரைப்புள்ளியை எந்த வட்டாரத்திலும் ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மையும் அதற்கு உண்டு.

இந்த வழியே கொள்கை அளவில் வலுவானதாகத் தோன்றுகிறது. எண்ணின் பொருள் எண்ணோடு பயணிக்கிறது. ஆயினும் புதுத் தாள் திறப்பவரின் கணக்கு எந்த வட்டாரத்தில் உள்ளதோ அதுவே தாளுக்கும் இயல்பாக வந்துவிடுகிறது. அமெரிக்க வட்டாரத்தில் திறந்த தாளில் புனே ஊழியர் நாள் முன்னும் மாதம் பின்னுமாகத் தட்டிக்கொண்டே போவார். பிழை தெரிந்தபின் வட்டாரத்தை மாற்றினால், எழுத்தாக நின்றவை எழுத்தாகவே நிற்கும், தவறாகப் புரண்ட தேதிகள் புரண்டபடியே நிற்கும். அமைப்பை மாற்றுவது இனி வருவதைத் திருத்துமே தவிர, வந்ததைத் திருத்தாது.

ஓசையில்லாத பிழைகள்

பிழைச் செய்தி வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது என்பது என் மதிப்பீடு. ஃபார்முலா ஏற்கப்படவில்லை என்றால் பிரிப்பானைப் பார்க்கலாம். ‘#நேம்?’ என்றால் ஃபார்முலாப் பெயரின் மொழியைப் பார்க்கலாம். ‘#வேல்யூ!’ என்றால் எண் போலத் தோன்றும் எழுத்து எங்கோ ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சு முறையில் ஆயிரங்களைப் பிரிக்கும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகூட அதற்குப் போதும். இவை கத்தும் பிழைகள். கத்தாதவைதான் கணக்கைக் கெடுக்கின்றன.

தேதியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலிருந்து மாதம் முன்னால் எழுதிய ஒரு பட்டியல் சிஎஸ்வியாக வருகிறது. இந்திய அமைப்புள்ள கணினியில் திறக்கப்படுகிறது. மாதத்தின் 13ஆம் நாள் முதல் வரும் தேதிகளை எக்செல் தேதியாக ஏற்காது, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் இல்லை. அவை எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். முதல் 12 நாள்களோ நாளும் மாதமும் இடம் மாறி, அழகான தேதிகளாக வலப்பக்கம் நிற்கும். சாதாரண ஆண்டின் 365 நாள்களில் 221 எழுத்தாக நிற்கும். மீதி 144. அவற்றில் 1-1, 2-2 போன்ற 12 மட்டும் மாறினாலும் ஒன்றே. ஆக 132 தேதிகள் எந்த அறிகுறியும் இல்லாமல் தவறாகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, கண்ணை உறுத்தும் எழுத்துத் தேதிகள் உண்மையில் கெடாதவை என்பதே. அனுப்பியவர் எழுதியது அப்படியே அங்கே இருக்கிறது. சரியாகத் தோன்றுபவைதான் கெட்டவை. ஆனால் வழக்கமாக நடப்பது தலைகீழ்: எழுத்தாக நின்றவற்றை மட்டும் கையால் திருத்திவிட்டு, மற்றவற்றை நம்பிவிடுகிறார்கள். ஒரே நெடுவரிசையில் எழுத்தும் தேதியும் கலந்திருந்தால், முழு வரிசையையும் சந்தேகிக்க வேண்டும். எண்களை மட்டும் எண்ணும் ‘கவுன்ட்’ ஃபார்முலாவையும் நிரம்பிய செல்களை எல்லாம் எண்ணும் ‘கவுன்ட்ஏ’ ஃபார்முலாவையும் ஓட்டி, இரண்டு விடையும் ஒன்றா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இந்தியாவில் இதற்கு இன்னொரு கனம் உண்டு. 03/04/2024 என்பது அமெரிக்க வாசிப்பில் மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. நடுவில் நிதியாண்டு மாறிவிடுகிறது. ஒரு விலைப்பட்டியல் போன ஆண்டுக் கணக்கிலிருந்து இந்த ஆண்டுக் கணக்குக்குத் தாவும். கூட்டுத்தொகை ஃபார்முலா எந்தப் பிழையும் காட்டாது. ஜிஎஸ்டி விற்பனை விவரத்தைக் கணினியிலிருந்து ஏற்றுவதற்கான எக்செல் படிவம், மாதத்தை எண்ணாக எழுத விடாமல் ஆங்கில எழுத்துகளாகக் கேட்பதன் பயன் இங்கே புரிகிறது. மாதப் பெயர் எழுத்தில் இருந்தால் நாளும் மாதமும் இடம் மாற வழியில்லை.

எண்ணுக்கும் இதே ஆபத்து. சாகனில் உள்ள ஓர் உதிரிபாகக் கடைக்கு ஜெர்மனியிலிருந்து விலைப்பட்டியல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.250 ஒன்றேகால் ஆகிறது. 1,250 என்று மூன்று தசம இடத்தோடு எழுதிய எடையோ 1250 ஆகிறது. இரண்டும் ஆயிரம் மடங்குப் பிழை, இரண்டும் முறையான எண். ஜெர்மன் அமைப்புள்ள கணினியில் நம்மவர் 3.5 என்று தட்டினால் அது மே 3 ஆகிவிடும்.

மரபணுக்கள் தந்த பாடம்

இந்தப் பிழைகளை மிகக் கறாராக எண்ணிப் பார்த்தவர்கள் உயிரியலாளர்கள். செப்ட்2, மார்ச்1 போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் தேதியாக மாற்றுகிறது என்று 2004இலேயே ஓர் ஆய்வுக்கட்டுரை எச்சரித்தது. 2016இல் மார்க் ஸீமனும் உடனாளர்களும், எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருப்பதைக் காட்டினர். 2020இல் மனித மரபணுப் பெயரிடல் குழு, சில மரபணுக்களின் குறியீட்டையே மாற்றியது. செப்ட்2, செப்டின்2 ஆயிற்று. 2021இல் வந்த தொடர் ஆய்வு பிழை குறையவில்லை என்று கண்டதோடு, நம் பொருளுக்கு நேராக ஒரு செய்தியையும் சேர்த்தது: ஆங்கிலத்தில் பாதுகாப்பான ஏஜிஓ2 போன்ற குறியீடு, ஆகஸ்டை அகோஸ்டோ என்று சொல்லும் மொழியமைப்பில் தேதியாகிவிடும். ஒரு மொழியில் பெயரை மாற்றினால் இன்னொரு மொழியில் புதுச் சிக்கல் முளைக்கும்.

2023இல் மைக்ரோசாஃப்ட், தானாக மாற்றும் பழக்கத்தை நிறுத்திவைக்கும் தேர்வை எக்செல்லில் தந்தது. எழுத்தும் எண்ணும் ஒட்டிய சொற்கள் தேதியாவதையும், முன்னிற்கும் சுழியங்கள் அழிவதையும் அது தடுக்கும். சாய்கோடிட்ட தேதிகளின் வாசிப்பு பழையபடியே வட்டார அமைப்பைச் சார்ந்தது. பாணேரை ஒட்டிய பாஷாணில் ஐசர் போன்ற அறிவியல் ஆய்வு நிறுவனம் இயங்கும் புனேக்கு இந்த மரபணுச் சிக்கல் அயலூர்ச் செய்தியன்று.

லட்சமும் தேவநாகரி இலக்கமும்

வட்டார அமைப்பு ஐரோப்பியர் பிரச்சினை மட்டுமே என்று எண்ணுவதற்கில்லை. 12,34,567 என்று லட்சத்தில் பிரிக்கும் வழக்கம், மூன்று மூன்றாகப் பிரிக்கச் சொன்ன 1948 தீர்மானத்தோடு ஒட்டாது. இந்தியக் கணினியில் எண் வடிவம் சரியாகத் தெரியும். அமெரிக்க அமைப்போடு வந்த மடிக்கணினியில் அதே கோப்பு மில்லியனாகத் தெரியும். எண் மாறாது, கண் தடுமாறும்.

இலக்கங்களின் வடிவம் அடுத்தது. யூனிகோடு அமைப்பு பராமரிக்கும் உலக வட்டாரத் தரவுத்தொகுப்பில் மராத்திக்கு இயல்பான இலக்கம் தேவநாகரி. தமிழுக்கு இயல்பானது சர்வதேச இலக்கம். தமிழ் இலக்கங்களுக்கு யூனிகோடில் சுழியமே 2005இல்தான் சேர்ந்தது. ஆகையால் மகாராஷ்டிரத்தில் மராத்தி வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கும் பயனருக்கு எந்த இலக்கத்தில் தட்டுவது, எந்த இலக்கம் தெரியும் என்று எழும் கேள்விகள் தமிழ்ப் பயனருக்கு எழுவதில்லை. மாநில மொழியில் நிர்வாகம் என்ற கொள்கை விரிதாள் வரை வரும்போது, இதற்கான விடை இன்னும் தெளிவாக வேண்டும்.

எஞ்சி நிற்பது

மேற்சொன்ன நிலைப்பாடுகளில் எதுவும் முழு விடை அல்ல. அண்மைக்காலத்தில் வலுப்பெற்றிருப்பது இன்னொன்று: எழுத்து எண்ணாக மாறும் அந்த இடத்திலேயே வழக்கை வெளிப்படையாகச் சொல்வது. எக்செல் 2013இல் வந்த ‘நம்பர்வேல்யூ’ ஃபார்முலா, தசமக் குறி எது, ஆயிரக் குறி எது என்று நாமே சொல்ல இடம் தந்து மாற்றுகிறது. எக்செல்லின் பவர் குவரி கருவியில் ஒரு நெடுவரிசைக்கு மட்டும் வட்டாரத்தைக் குறித்து வகை மாற்றலாம். கணினியின் அமைப்பையே மாற்றச் சொல்லும் வழக்கமான ஆலோசனையைவிட இது மேல் என்று கருதுகிறேன். கன்ட்ரோல் பேனலில் பட்டியல் பிரிப்பானை மாற்றினால் ஒரு ஃபார்முலா ஓடும். அதே கணினியில் அதை நம்பியிருக்கும் மற்றக் கோப்புகள் உடையக்கூடும். வெளிப்படையாகச் சொல்லும் இந்த வழியின் குறையும் தெளிவு: கோப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று பெறுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிஎஸ்வி கோப்பில் அதைச் சொல்ல இடமில்லை. 2005இல் வந்த அதன் பொது விவரிப்பு புலங்களையும் மேற்கோள் குறிகளையும் பேசுகிறது. தசமக் குறியையும் தேதி வரிசையையும் பேசவில்லை. கோப்பின் முதல் வரியில் பிரிப்பானை அறிவிக்கும் எக்செல் வழக்கமும் பிரிப்பானோடு நின்றுவிடுகிறது. 2015 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, சிஎஸ்வியோடு ஒரு துணைக் கோப்பை இணைத்துத் தசமக் குறி முதல் தேதி வடிவம் வரை அறிவிக்கும் தரத்தைப் பரிந்துரைத்தது. அன்றாட விரிதாள் பயன்பாட்டில் அது வேரூன்றவில்லை. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை 1988 முதல் சொல்லிவரும் ஐஎஸ்ஓ 8601 தரம் நிரலர்களிடம் நன்கு பரவியிருக்கிறது, கணக்காளர்களிடம் அந்த அளவுக்குப் பரவவில்லை.

அந்த நிலை மாறும்வரை பொறுப்பு அனுப்புபவருடையது. கோப்பை அனுப்பும் மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: தசமத்துக்கு எந்தக் குறி, ஆயிரத்துக்கு எந்தக் குறி, தேதியில் நாள் முதலா மாதம் முதலா. தேதியை ஆண்டில் தொடங்கி எழுத முடிந்தால் எழுதுங்கள். இல்லையேல் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.